ஆர்க் மோடு ஏற்றுமதியில் புதிய ஆவண வகுப்பு ஏற்கப்படவில்லை: உதவி தேவை

கோப்புச்சுமை:
வணக்கம். ஆய்வேட்டுக் குறிப்புகள் அனைத்தையும் ஈமேக்ஸ் உரைதிருத்தியின் குறிப்பெழுதும் வசதியான ஆர்க் மோடில் வைத்திருக்கிறேன். துறையில் கொடுத்த வகுப்புக் கோப்பின்படி (அச்சமைப்பு மென்பொருளான லேடெக்குக்கு ஆவணத்தின் தோற்றத்தைச் சொல்லும் கோப்பு) பிடிஎஃப் எடுக்க வேண்டும். ஈமேக்ஸின் அமைப்புக் கோப்பில் அந்த வகுப்பைச் சேர்த்துவிட்டேன், குறிப்பின் தலைப்பகுதியிலும் அதன் பெயரை எழுதிவிட்டேன். ஆனாலும் அப்படியொரு வகுப்பே தெரியாது என்று வருகிறது. நாளை ஒப்படைக்க வேண்டும். தயவுசெய்து விரைந்து உதவுங்கள்.

மைப்புட்டி:
தெரியாது என்று சொல்வது ஈமேக்ஸா, லேடெக்கா? ஈமேக்ஸ் என்றால், லேடெக்குக்கு ஆர்க் எழுதித் தரும் டெக் கோப்பு உருவாகும் முன்பே ஏற்றுமதி நின்றிருக்கும். லேடெக் என்றால் டெக் கோப்பு உருவாகியிருக்கும். வகுப்புக் கோப்பு கிடைக்கவில்லை என்ற வரி பதிவுக் கோப்பில் இருக்கும். பிழைச்செய்தி, ஆர்க் பதிப்பு எண், நீங்கள் சேர்த்த வரிகள் மூன்றையும் அப்படியே இடுங்கள்.

வரிவடிவன்:
இது பாதைச் சிக்கலேதான். வகுப்புக் கோப்பைக் குறிப்பு இருக்கும் அடைவிலேயே வைத்துப் பாருங்கள். லேடெக்கின் கண்ணுக்கு அது படுகிறதா என்பதைக் கோப்பைத் தேடித் தரும் கேபிஎஸ்இ-விச் கட்டளையே சொல்லிவிடும்.

பழையகை:
கேள்வியை ஒருமுறை நிதானமாக வாசித்திருந்தால் பாதையைப் பற்றிய பேச்சே எழுந்திராது. வகுப்பு தெரியாது என்பது ஆர்க்கின் வாசகம். லேடெக் அதுவரை அழைக்கப்படவே இல்லை. கையேட்டில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதைப் புரட்டும் பொறுமை இப்போது யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

சுருக்குவழி:
ஆவணங்களை வடிவம் மாற்றித் தரும் பேண்டாக்கிற்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. வகுப்பின் பெயரைக் கட்டளை வரியில் கொடுத்தால் போதும், எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை.

பழையகை:
குறிப்புக்குள் இருக்கும் நிரல்துண்டுகளைப் பேண்டாக் இயக்கித் தருமா? ஆர்க் ஏற்றுமதியின்போதே இயக்கி விடையையும் சேர்த்துத் தருகிறது.

சுருக்குவழி:
ஆய்வேட்டில் நிரல்துண்டு இருப்பதாக அவர் எங்கே சொன்னார்?

மைப்புட்டி:
இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. கேட்டவர் வரட்டும்.

கோப்புச்சுமை:
மன்னிக்கவும். ஆர்க் பதிப்பு 9.6, செய்தி ஈமேக்ஸிலிருந்துதான் வருகிறது. ஒரு பழைய குறிப்பைப் பார்த்து, 'ஆர்க்-எக்ஸ்போர்ட்-லேடெக்-கிளாசஸ்' என்ற மாறிக்கு செட்கியூ கொண்டு மதிப்புக் கொடுத்திருக்கிறேன். தலைப்பு நிலைகளுக்கான வரிகளை மட்டும் நானே எழுதினேன்.

மைப்புட்டி:
சிக்கல் அங்கேதான் இருக்கிறது. 2013இல் வந்த 8.0 பதிப்பில் ஏற்றுமதிப் பகுதி முழுவதும் திருத்தி எழுதப்பட்டபோது அந்த மாறியின் பெயர் 'ஆர்க்-லேடெக்-கிளாசஸ்' என்று மாறிவிட்டது. செட்கியூ எந்தப் பெயரையும் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும் என்பதால் உங்களுக்குப் பிழை எதுவும் தெரியவில்லை. ஆர்க்கோ அந்தப் பெயரைத் திரும்பியும் பார்ப்பதில்லை. புதிய பெயருக்கும் செட்கியூ வேண்டாம், அது பழைய மதிப்பை அழித்து எழுதுவதால் ஏற்கெனவே உள்ள ஆர்ட்டிகிள், ரிப்போர்ட், புக் வகுப்புகள் மூன்றும் பறிபோய்விடும். இருக்கும் பட்டியலோடு கூட்டும் ஆட்-டு-லிஸ்ட் கொண்டு சேருங்கள். ஆனால் லேடெக் ஏற்றுமதிக்கான ஓஎக்ஸ்-லேடெக் தொகுதி ஏற்றப்படும் முன் அந்த மாறி பிறந்திருக்காது என்பதால், அந்த வரிகளை, தொகுதி ஏறிய பின்பே இயக்கும் வித்-ஈவல்-ஆஃப்டர்-லோடு என்பதற்குள் வையுங்கள். பட்டியலில் கொடுக்கும் பெயரும் குறிப்பின் தலையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

கோப்புச்சுமை:
பிடிஎஃப் வந்துவிட்டது, நன்றி! ஆனால் ஒவ்வொரு தலைப்புக்கும் முன்னால் செக்‌ஷன் என்ற ஆங்கிலச் சொல் முதலெழுத்து இல்லாமல் அச்சாகிறது.

வரிவடிவன்:
எழுத்துரு பழுதாக இருக்கலாம்.

மைப்புட்டி:
எழுத்துருவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஈமேக்ஸின் நிரல்மொழியான லிஸ்பின் சரத்துக்குள் ஒற்றைப் பின்சாய்கோட்டுடன் எஸ் எழுத்து வந்தால் அது இடைவெளியாக வாசிக்கப்படும். ஆகவே கோடும் எஸ்ஸும் சேர்ந்து மறைய, சொல்லின் மிச்சம் வெறும் எழுத்தாக லேடெக்கைச் சேர்கிறது. நீங்களே எழுதிய வரிகளில் ஒவ்வொரு பின்சாய்கோட்டையும் இரட்டையாக்குங்கள். வகுப்பில் அத்தியாயம் உண்டென்றால் அதற்குரிய கட்டளை இணை முதலில் வர வேண்டும், ஏனெனில் நிலைகள் வரிசைப்படியே பொருத்தப்படுகின்றன. இயல்பிருப்பில் மூன்று நிலைகள்தான் தலைப்பாகும், அதற்குக் கீழே உள்ளவை பட்டியலாகிவிடும்.

பழையகை:
இவை அனைத்தும் கையேட்டில் இருக்கின்றன.

கோப்புச்சுமை:
இரட்டையாக்கினேன், சரியாகிவிட்டது. நிரல்துண்டு எதுவும் இல்லை.