ஆரஞ்சுத் தோல், சாக்லேட், நம்ம ஊர் ஈரக்காற்று

ஆரஞ்சுத் தோலைப் பாகில் வேகவைப்பது பெரிய வித்தை இல்லை, இஞ்சி மொரப்பா கிளறிய கைக்கு அது தானாக வந்துவிடும். சிங்கப்பூரில் நம்மைப் பாடாய்ப் படுத்துவது அதைக் காயவைப்பதும், காய்ந்ததைச் சாக்லேட்டில் தோய்த்து இறுக வைப்பதும்தான். யூடியூபில் வரும் செய்முறைகளில் பாதி குளிர் நாட்டு அடுக்களையில் எடுத்தவை. "ஒரு ராத்திரி வெளியிலேயே விடுங்கள், காய்ந்துவிடும்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். இங்கே ராத்திரியில்தான் காற்றில் ஈரம் ஏறும், விடியற்காலையில் 90 சதவீதத்துக்கு மேல் போவது சாதாரணம். சர்க்கரை அந்த ஈரத்தை எல்லாம் இழுத்துக்கொள்ளும், காலையில் பார்த்தால் தட்டு பிசுபிசுவென்று இருக்கும்.

தோலிலிருந்து ஆரம்பிக்கிறேன். சீனப் புத்தாண்டுக்கு வரும் மாண்டரின் பழத் தோல் மெல்லியது, உள்ளே வெள்ளைச் சதை கிடையாது, பாகில் வெந்தால் வாரு மாதிரி ஆகிவிடுகிறது. தடித்த தோல் உள்ள நேவல் ஆரஞ்சுதான் சரி. மேலே மெழுகு பூசியிருப்பார்கள், வெந்நீரில் உப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். வெள்ளைப் பகுதியைச் சுரண்டி எறியாதீர்கள், பாகைக் குடிப்பதே அதுதான். சுண்டுவிரல் அகலத்துக்கு நறுக்கிப் பச்சைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி புதுத் தண்ணீர். மூன்று முறை இப்படிச் செய்தால் கசப்பு இறங்கிவிடும், நகம் வைத்தால் பதியும்.

அப்புறம் சர்க்கரையும் தண்ணீரும் சம எடை, சின்னத் தீ, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். கரண்டி போட்டுக் கிளறாதீர்கள், சர்க்கரை பூத்துவிடும். அரை மூடி எலுமிச்சைச் சாறு விட்டால் அந்தப் பயம் குறையும், குலாப் ஜாமூன் பாகுக்குச் செய்வோமே அதே காரணம்தான். பாகு ஒரு கம்பிப் பதத்துக்கு வரும்போது ஒரு துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஓரத்தில் மட்டும் இல்லாமல் நடுவிலும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். நடுவில் வெள்ளையாகக் கோடு தெரிந்தால் இன்னும் வேகணும்.

காயவைக்க நான் படுக்கையறையைத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஏர்கானை ஈரத்தை இழுக்கும் டிரை மோடில் போட்டு, ஜன்னலைச் சாத்தி, கம்பித் தட்டில் துண்டுகளை ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிடுவேன். வீட்டுக்காரருக்கு அந்த ஆரஞ்சு வாசத்தில் தூக்கம் நன்றாக வருகிறதாம். அவசரம் என்றால் ஓவனில் 80, 90 டிகிரியில் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து வாட்டலாம். விரலால் அழுத்தினால் ஒட்டக்கூடாது, அதுதான் கணக்கு. ஈரம் இருந்தால் சாக்லேட் பிடிக்காது, கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலே மொத்தச் சாக்லேட்டும் கட்டிதட்டிப் போகும்.

சரி, சாக்லேட். கொழுப்பு என்று கோக்கோ வெண்ணெய் மட்டும் இருக்கிற டார்க் சாக்லேட் என்றால் பதப்படுத்தியே ஆகணும்: 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, 28க்கு இறக்கி, திரும்ப 31, 32க்குக் கொண்டுவர வேண்டும். இதைச் செய்தால்தான் பளபளப்பும், ஒடிக்கும்போது 'டக்' என்ற சத்தமும் வரும். இங்கேதான் நம்ம ஊரின் விசேஷம். அடுக்களையே 30, 31 டிகிரி, அதனால் கிண்ணத்தில் சாக்லேட் இறுகாமல் நிதானமாகத் தோய்க்க விடுகிறது, ஆனால் தோய்த்த பிறகும் அப்படியே இறுகாமல் நிற்கிறது! அதனால் உருக்குவது அடுக்களையில், தோய்ப்பதும் ஆறவைப்பதும் ஏர்கான் அறையில். 20 டிகிரி வாக்கில் ஆறினால் அழகாக இறுகும். இவ்வளவு பாடு வேண்டாம் என்பவர்கள் காம்பவுண்ட் சாக்லேட் வாங்கலாம், அதில் வேறு தாவரக் கொழுப்பு, உருக்கினால் போதும். ருசியில் எனக்கு அது ஒப்பவில்லை, வாயில் மெழுகு தங்குவது போல இருக்கிறது.

ஃப்ரிட்ஜில் வைப்பவர்கள் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள், வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். டப்பா அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் வியர்க்காது. வியர்த்தால் மேலே வெள்ளை படியும்.

தீபாவளிக்கு எங்கள் மாடியில் உள்ள வீடுகளுக்குக் கொடுக்கும்போது சாக்லேட் உறையையும் எடுத்து வைத்துக்கொள்வேன். எதிர்வீட்டு மச்சிக் (மலாய்க்கார அத்தை) ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார், பார்க்கட்டும், அதுதானே முறை. டார்க் சாக்லேட்டிலும் சிலதில் பால் கலந்திருக்கும், பால் சேர்க்காதவர்களுக்குக் கொடுப்பதென்றால் பின்பக்கம் படித்துப் பாருங்கள்.

பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி பம்பளிமாஸ் தோலில் செய்வார். நிலாப் பண்டிகை முடிந்ததும் ஆரம்பித்துவிடுவார். வெள்ளைப் பகுதியை உப்புத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, துணி பிழிவது மாதிரி இரண்டு கையாலும் பிழிந்து, மறுபடி ஊறவைத்து, மறுபடி பிழிந்து, அப்புறம்தான் பாகு. அவர் பிழியும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சாக்லேட்டில் தோய்த்த என் துண்டைச் சாப்பிட்டுவிட்டு, இதையும் அதில் முக்கு என்று ஒரு டப்பா கொடுத்தார். முக்கினேன், ஆரஞ்சைவிட மெத்தென்று இருந்தது, கசப்பு நாக்கின் பின்னால் மட்டும் கொஞ்சம்.

மிச்சமாகும் பாகைக் கொட்டிவிடாதீர்கள். ஆரஞ்சு மணம் முழுக்க அதில் இருக்கிறது, வடிகட்டி பாட்டிலில் வைத்தால் எலுமிச்சைச் சாற்றோடு சர்பத்துக்கு ஆகும். இஞ்சியிலோ அன்னாசியிலோ யாராவது செய்திருந்தால், எவ்வளவு நேரம் காயவைத்தீர்கள் என்று சொல்லுங்கள். அன்னாசியில் தண்ணீர் அதிகம், அதற்கு ஏர்கான் மட்டும் போதாது, ஓவன் வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.