வாங்கிக் கொடுத்தவரை யாரும் கேட்பதில்லை

தாலுகா மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். கோயில் திருவிழா ராத்திரிகளில் குடித்து மயங்கிய பள்ளிக்கூடப் பையன்கள் வருவது எங்களுக்குப் பழகிப் போய்விட்டது. பழகக் கூடாத பழக்கம் இது.

போன ஆடியில் வந்தவன் பத்தாம் வகுப்பு. "பரோட்டா ஒத்துக்கலக்கா" என்றார்கள் தூக்கி வந்த பையன்கள். அவன் சட்டையெல்லாம் மோர். போதை தெளியட்டும் என்று நினைவில்லாதவன் வாயில் ஊற்றியிருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். மோரோ எலுமிச்சைச் சாறோ, மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். தூங்கினால் சரியாகிவிடும் என்று தனியாக விட்டுவிடாதீர்கள். இவனுக்குக் கைகால் சில்லிட்டிருந்தது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 48. சின்னப் பிள்ளைகளுக்கு மது இப்படிச் சர்க்கரையை இறக்கிவிடும்; வெறும் வயிறு என்றால் இன்னும் மோசம். குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் கண்ணைத் திறந்தான்.

கூட வந்தவனிடம் கடையில் எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "நாங்க கடைக்குப் போகலக்கா. வெளிய ஒரு அண்ணன் நிப்பாரு. காசு குடுத்தா வாங்கியாந்து தருவாரு, அவருக்கு ஒரு கட்டிங் ஊத்திடணும்."

தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு டாஸ்மாக்கில் விற்கக் கூடாது. அந்தத் தடையைத் தாண்ட ஒரு கட்டிங் போதும் என்றால் வயிறு எரிகிறது. 2015-ஆம் வருடத்துச் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு, 18 வயது ஆகாத பிள்ளைக்கு மது கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. அந்த அண்ணனுக்கு இது தெரியுமா? பையனின் அப்பாவுக்கும் தெரியவில்லை. வந்ததும் மகனை அடிக்கக் கை ஓங்கினார், பிடித்து நிறுத்தினோம். புகார் கொடுங்கள் என்றதற்கு, "வேண்டாம்மா, பையன் பேரு வெளிய வந்துடும்" என்றார். அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது, எடுத்துச் சொன்னேன். அவர் மனம் மாறவில்லை.

திட்டும் அடியும் அவமானமும் பையனுக்கு. வாங்கிக் கொடுத்தவர் மறுநாளும் அதே இடத்தில்தான் நின்றிருப்பார். உங்கள் ஊரில் யாராவது குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லி, இப்படி ஓர் ஆள் மேல் நடவடிக்கை எடுக்க வைத்திருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்து வரும் பெற்றோரிடம் காட்ட எனக்கு வேண்டும்.