நீலகிரி அரசு மருத்துவமனைகள்: மேல்மட்டச் சம்பளத்தை யார் பார்ப்பது?

கோத்தகிரிவாசி:
பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ஸில் ஒவ்வொரு மருத்துவமனை அறக்கட்டளைக்கும் ஊதியக் குழு உண்டு. இயக்குநர்கள் சம்பளத்தைத் தீர்மானிப்பது அங்கே நிர்வாகத்தில் இல்லாத வெளி உறுப்பினர்கள். தன் சம்பளத்தை முடிவு செய்வதில் எந்த இயக்குநருக்கும் இடமில்லை. ஆண்டறிக்கையில் பெயருக்கு நேரே 5,000 பவுண்டு வீச்சில் தொகையும் வரும். ஊட்டியில் 700 படுக்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025-ல் திறந்தாச்சு. இங்கேயும் அப்படி ஒரு குழு வேண்டும்.

கருவூலக்கணக்கு:
ஒப்பீடே சரியில்லைங்க. அங்கே பேசி முடிவு செய்கிற சம்பளம், இங்கே அரசாணைச் சம்பளம். உதவி மருத்துவர் 56,100-ல் தொடங்குவார், வருடம் 3 சதவீதம் உயர்வு. அடுத்தடுத்த நிலைகளுக்கு 2009-ன் 354-ஆம் அரசாணை. எந்த அதிகாரியும் தன்னிஷ்டத்துக்கு ஒரு ரூபாய் கூட்ட முடியாது. பில்லை ஒருவர் போடுவார், இன்னொருவர் சரிபார்ப்பார், மூன்றாமவர் ஒப்புதல் தருவார், அதன் பிறகுதான் கருவூலம்.

கோத்தகிரிவாசி:
அடிப்படைச் சம்பளத்தில் ஓட்டை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஓட்டை படிகளில்தான். பணியிடம் பந்தலூர், மாற்றுப்பணி சமவெளியில். சம்பளம் பந்தலூர் பில்லிலேயே போகும், மலைப்படியும் கூடவே ஓடும். அரசுக் குடியிருப்பில் இருந்துகொண்டு வீட்டு வாடகைப்படி வாங்குவதும் இதே ரகம். கருவூலம் பில்லைத்தான் பார்க்கும், ஆள் எங்கே நிற்கிறார் என்று பார்க்காது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத் தொகையில் ஊழியர்களுக்குப் பிரித்துத் தரும் ஊக்கத்தொகை இதைவிட முக்கியம். பங்கீட்டுப் பட்டியலில் கையெழுத்துப் போடுபவரின் பெயரே அந்தப் பட்டியலில் இருக்கலாமா?

குன்னூர்மருத்துவர்:
மேற்பார்வை என்றாலே அதிகம் வாங்கியவரைப் பிடிப்பது என்றுதான் பேசுகிறீர்கள். மத்திய அரசு மருத்துவருக்கு 4, 9, 13, 20 ஆண்டுகளில் உயர்வு. நான்காம் ஊதியப் பட்டை என்கிற உயர்சம்பள நிலையை 12 ஆண்டில் கொடுங்கள் என்று இங்கே 2019-ல் வேலைநிறுத்தமே நடந்தது. குறைவாகக் கொடுப்பதை உங்கள் குழு பார்க்குமா? கூடலூரில் மயக்க மருந்து நிபுணர் இல்லாத இரவில் சிசேரியன் என்றால், நடுவட்டம் வளைவுகளில் ஏறி ஊட்டிக்கு 50 கிலோமீட்டர். அதனால்தான் தேசிய சுகாதார இயக்கத்தில், ஆள் கிடைக்காத இடங்களுக்கு நிபுணரே தொகை கேட்கலாம் என்று வழி வைத்தார்கள். அந்தத் தொகையைப் பெயரோடு ஒட்டிவைத்தால் யார் மலையேறி வருவார்?

கருவூலக்கணக்கு:
டாக்டர் சொல்வது நியாயம்தான். ஆனால் அந்த ஒப்பந்தங்கள் கலெக்டர் தலைமையிலான மாவட்ட சுகாதார சங்கத்தின் வழியாகத்தான் போகின்றன, தணிக்கையும் உண்டு. புதுக் குழு எதற்கு? படி விஷயத்தில் கோத்தகிரி ஐயா சொல்வதை ஏற்கிறேன், அங்கே காலதாமதம்தான் ஆபத்து. கூடுதலாகப் போன பணம் ஐந்து வருடம் தாண்டிவிட்டால் திரும்பப் பிடிக்கக் கூடாது என்று 2014-ல் ரஃபீக் மசீஹ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன்' என்று எழுதிக் கொடுத்தவரிடம் பிடிக்கலாம் என்று 2016-ல் இன்னொரு தீர்ப்பு. அந்த உறுதிமொழித் தாள் பணிப்பதிவேட்டில் இல்லை என்றால் பணம் போனதுதான்.

கோத்தகிரிவாசி:
அப்படியானால் மாதாமாதம் மூன்றையும் பக்கத்தில் வையுங்கள்: சம்பள பில், மாற்றுப்பணி உத்தரவு, குடியிருப்பு ஒதுக்கீட்டுப் பதிவேடு. ஒரு மருத்துவமனைக்கு அரை நாள் வேலை. ஊக்கத்தொகைப் பட்டியல் கலெக்டரின் நேர்முக உதவியாளர் (கணக்கு) மேசைக்குப் போகட்டும்.

குன்னூர்மருத்துவர்:
ஒத்துப் பார்ப்பதில் ஆட்சேபம் இல்லை. அதற்காகச் சம்பளத்தை நிறுத்தி வைக்கக் கூடாது, தவறு தெரிந்தால் அடுத்த மாத பில்லில் கழிக்கட்டும். விட்டுப்போன உயர்வையும் அதே பில்லில் சேர்க்கட்டும். பெயரோடு வெளியிடுவது மட்டும் வேண்டாம். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவலுக்கு விலக்கு தரும் 8(1)(ஜே) பிரிவையே மாற்றிவிட்டது.

கோத்தகிரிவாசி:
மாற்றியது அந்தப் பிரிவை மட்டும். 4(1)(பி) அப்படியே இருக்கிறது டாக்டர். யாரும் கேட்காமலே ஒவ்வொரு அலுவலரும் ஊழியரும் பெறும் மாத ஊதியத்தை வெளியிட வேண்டும் என்கிறது. வார்டு உதவியாளருக்கும் தலைமை மருத்துவருக்கும் சட்டம் ஒன்றுதான். நிபுணர் வரமாட்டார் என்பதற்காக அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.