பல்சார் சிமுலேஷன்: எலக்ட்ரான் சுற்றுகிறது, ஆற்றல் மட்டும் ஏறவில்லை

கேட்டவர்: நண்டு நெபுலா பல்சாரை (வேகமாகச் சுழன்று, துடிப்புத் துடிப்பாக ரேடியோ அலை அனுப்பும் நியூட்ரான் விண்மீன்) வைத்துப் பைதானில் சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். இருமுனைக் காந்தப்புலம், துருவத்தில் 10¹² காஸ் (காந்தப்புல அலகு), சுழற்சிக் காலம் 33 மில்லிவினாடி. எலக்ட்ரானின் லோரன்ஸ் காரணி (ஓய்வு ஆற்றலைப் போல எத்தனை மடங்கு ஆற்றல் என்று சொல்லும் எண்) 1.05-இல் தொடங்கி, பத்தாயிரம் படி தாண்டியும் 1.05-லேயே நிற்கிறது. தவறு நிரலிலா, என் புரிதலிலா?

முதல் பதில்: புரிதலில்தான். காந்த விசை திசையைத் திருப்புமே தவிர வேலை செய்யாது. உங்களுக்கு மின்புலம் வேண்டும். விண்மீன் நல்ல கடத்தி. காந்தப்புலத்தோடு சுழலும்போது டைனமோ ஆகிவிடுகிறது. துருவத்துக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே 10¹⁷ வோல்ட்டுக்கு மேல் வரும். செலவு சுழற்சியின் கணக்கில்: நண்டு பல்சாரின் சுழற்சிக் காலம் நாளுக்குச் சுமார் 36 நானோவினாடி நீள்கிறது.

கேட்டவர்: சுழற்சியால் வரும் மின்புலத்தைச் சேர்த்தேன். எலக்ட்ரான் விண்மீனோடு சேர்ந்து சுற்றுகிறது, அவ்வளவுதான்.

இரண்டாம் பதில்: நீங்கள் சேர்த்தது பிளாஸ்மா நிறைந்த வெளிக்கான மின்புலம். மின்னூட்டத் துகள்கள் மேற்பரப்பிலிருந்து பிடுங்கப்பட்டு வெளியை நிரப்பும் என்று 1969-இல் கோல்ட்ரைக், ஜூலியன் என்ற வானியற்பியலாளர்கள் காட்டினார்கள். நிரம்பியதும் புலக்கோட்டின் திசையில் மின்புலம் மிஞ்சாது. இரண்டு புலங்களையும் புள்ளிப் பெருக்கல் செய்து பாருங்கள், பூஜ்யம் வரும். முடுக்கம் நடப்பது துகள் பற்றாத இடைவெளிகளில்: துருவத்துக்கு மேலே, அல்லது ஒளி உருளைக்குப் பக்கத்தில் (விண்மீனோடு சேர்ந்து சுற்ற ஒளி வேகமே தேவைப்படும் தூரம்; நண்டுக்குச் சுமார் 1,600 கிமீ). ஃபெர்மி என்ற காமா கதிர் விண்வெளித் தொலைநோக்கியின் தரவுகளுக்குப் பிறகு, காமா கதிர்களுக்கு வெளிப்பகுதி என்பதே என் கட்சி. பழகிப் பார்க்கத் துருவமே எளிது.

கேட்டவர்: பூஜ்யமேதான்! துருவத்தின் மேல் 100 மீட்டர் இடைவெளி விட்டேன். இப்போது தலைகீழ்: லோரன்ஸ் காரணி 10⁸-ஐத் தாண்டி ஓடுகிறது, பாதையும் கோணல்மாணலாக இருக்கிறது. நிரலில் ஒரு படி என்பது 10⁻⁹ வினாடி.

முதல் பதில்: அங்கே தொடக்கத்தில் எலக்ட்ரான் ஒரு சுற்றுச் சுற்ற 4×10⁻¹⁹ வினாடி போதும். உங்கள் படி எங்கே, அது எங்கே! சுழலை விட்டுவிடுங்கள், பக்கவாட்டு உந்தம் சிங்க்ரோட்ரான் கதிராக (காந்தப்புலத்தில் சுழலும் வேகத் துகள் உமிழ்வது) உடனே கரைந்துபோகும். கம்பியில் கோத்த மணி போலப் புலக்கோட்டின் மேலேயே நகர்த்துங்கள். அப்புறம், கோடு வளைந்திருப்பதால் வளைவுக் கதிர்வீச்சு வரும். இழப்பு லோரன்ஸ் காரணியின் நான்காம் அடுக்கில் ஏறும். இதுதான் விட்டுப்போன பிரேக்.

கேட்டவர்: 6×10⁷ பக்கம் வந்து நின்றுவிட்டது. சரி, ரேடியோ துடிப்பு எங்கே?

இரண்டாம் பதில்: ஒற்றைத் துகளில் வராது. வளைவுக் கதிர்வீச்சில் வரும் காமா ஃபோட்டான்கள் காந்தப்புலத்தில் எலக்ட்ரான்–பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) ஜோடிகளாகிப் பெருகும். அந்தக் கூட்டம் ஒரே கட்டத்தில் உமிழ்ந்தால்தான் அவ்வளவு பிரகாசம் கிடைக்கும். எப்படி ஒன்றுசேர்கின்றன என்பதில் இன்றும் சண்டைதான். அதற்குத் தனி இழை போடுங்கள்.