மறு: ரப்பர் வார்ப்பு இயந்திரமும் அழுத்தக் கலனா?

வணக்கம் அனைவருக்கும்,

பயிற்சித் தாளுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் 'அழுத்தக் கலன்' (pressure vessel, அதாவது நீராவியையோ காற்றையோ அழுத்தத்தில் அடைத்துவைக்கும் மூடிய கலன்) பற்றி அண்ணன் நேற்று எழுதியதை இரண்டு முறை படித்தேன். சூடான அச்சில் ரப்பரை 100 பாருக்கு மேல் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தி வார்க்கிற இயந்திரத்தையே, அதாவது பிரஸ்ஸையே, அழுத்தக் கலன் என்று சொல்லாவிட்டால் வேறு எதைச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று தெரியும், ஏனென்றால் போன மாதம் எங்கள் தொழிற்சாலையிலேயே அது வந்தது.

சுங்கைப்பட்டாணிப் பக்கம் ரப்பர் உதிரிப்பாகம் செய்யும் இடம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நான்தான் தமிழில் பாதுகாப்பு விளக்கம் சொல்வேன். அதில் ஒரு தம்பியின் அப்பா செம்பனை ஆலையில் ஸ்டெரிலைசர் (பழக்குலைகளை நீராவியில் வேகவைக்கும் பெரிய கலன்) பார்க்கிறவர். "அங்கே சான்றிதழ் மாட்டி வச்சிருக்காங்க, இந்த பிரஸ்ஸுக்கு ஏன் இல்லை?" என்றான். இது அழுத்தக் கலன் இல்லை என்றேன். "இதுவும் அழுத்துதே அண்ணே" என்றான். அவன்மேல் தப்பே இல்லை. தமிழில் அழுத்தம் என்றால் கையால் அழுத்துவதும் அதுதான், நீராவி உள்ளே அடைபட்டு நிற்பதும் அதுதான்.

அழுத்தக் கலனுக்கு மலாய்ச் சொல்லைப் பாருங்கள்: பெங்காண்டுங் தெக்கானான். மெங்காண்டுங் என்றால் கர்ப்பமாக இருப்பது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அழுத்தத்தை வயிற்றில் சுமப்பது என்பது அந்தச் சொல்லிலேயே வந்துவிடுகிறது. ஸ்டெரிலைசர் அப்படித்தான், 3 பார் நீராவியை ஒன்றரை மணி நேரம் வரை வயிற்றில் வைத்துக்கொண்டிருக்கிறது. அதன் கதவு இரண்டு மீட்டர் விட்டம் என்றால் அந்தக் கதவின்மேல் மட்டும் ஏறக்குறைய 95 டன் விசை. பூட்டு விட்டுப்போனால் நீராவி விரிந்துகொண்டே வரும், நிற்காது. எங்கள் பிரஸ்ஸில் அழுத்தம் பல மடங்கு அதிகம், ஆனால் உள்ளே இருப்பது காற்றில்லை, ரப்பர். அதைச் சுருக்குவது கடினம், அதனால் அதில் சேர்ந்து நிற்கும் ஆற்றலும் கொஞ்சம்தான். அச்சு ஒரு மில்லிமீட்டர் திறந்தாலே அழுத்தம் இறங்கிவிடும். கை நசுங்கும், சூடு படும், அந்த ஆபத்துகள் உண்மை. ஆனால் அவை வேறு ஆபத்து, அதற்குக் காப்பும் வேறு. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.ஈ.) அழுத்தக் கலன் விதிநூலான எட்டாம் பகுதியும் இயந்திரத்தோடு ஒன்றான ஹைட்ராலிக் சிலிண்டரைத் தன் எல்லைக்கு வெளியே வைக்கிறது.

ஆனால் இயந்திரம் முழுவதையும் இப்படித் தள்ளிவிட முடியாது. பிளாஸ்டிக் ஊசி வார்ப்பு இயந்திரங்கள் சிலவற்றில் நைட்ரஜன் அடைத்த அக்குமுலேட்டர் (ஹைட்ராலிக் எண்ணெயை அழுத்தத்தில் சேமித்துவைக்கும் உருளை) இருக்கும், அது கலன்தான். பிரஸ்ஸின் தட்டை நீராவியால் சூடாக்கினால் கேள்வி இன்னும் சிக்கல். கொதிகலனுக்கு வெளியே நீராவி அழுத்தத்தில் இருக்கும் கலத்தையும் மலேசியாவின் 1967ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் தன் வரையறைக்குள் சேர்த்திருந்தது. அந்தச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் இல்லை, எல்லாம் 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது, சான்றிதழ் தேவை மட்டும் போகவில்லை. தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெட் கடைக்குப் போனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். சூடான அச்சுக்குள் டயரை வைத்து இறுக்குவது ஒரு முறை, டயர்களை வரிசையாக அறைக்குள் தொங்கவிட்டுக் காற்றை 6 பார் அளவுக்கு ஏற்றுவது இன்னொரு முறை. டயர் ஒன்றுதான், ஆனால் கலன் என்று நான் சொல்வது அந்த அறையை மட்டும்தான்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். அழுத்தக் கலன் என்பதை மாற்ற வேண்டாம், அது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ஒருவர் சொன்ன 'அடைகலன்' பொருளில் நன்றாக இருக்கிறது, ஆனால் வாயால் சொன்னால் அடைக்கலம் என்று காதில் விழும், பிள்ளைகள் அங்கே போய் ஒதுங்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. மாற்ற வேண்டியது பிரஸ்ஸின் பெயர். அழுத்தம் என்ற சொல்லே அதில் வராமல் 'அச்சு அமுக்கி' என்று வைப்போம். இலங்கைப் பாடநூல்களில் பிரஷரே அமுக்கம்தான் என்று அக்கா எழுதியிருந்தார்கள், சரிதான். ஆனாலும் அமுக்கி என்னும்போது செய்கிற கருவி என்பது தெரிகிறது, அதனால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

அப்புறம் 'தாக் பெராப்பி', அதாவது இந்தக் கலன்களுக்கு மலாயில் சேர்த்துச் சொல்லும் 'தீயில்லாத' (unfired) என்ற அடைமொழி. தீயில்லாக் கலன் என்று போட்டால் சூடே இல்லை என்று நினைப்பார்கள். ஸ்டெரிலைசருக்குள் 140 டிகிரிக்கு மேல் இருக்கும். அடுப்பு கொதிகலனில் இருக்கிறது, இதில் இல்லை, அவ்வளவுதான். அதனால் 'அடுப்பில்லா அழுத்தக் கலன்'. கேட்க வீட்டுச் சொல் மாதிரி இருக்கிறது என்று ஐயா சொல்லக்கூடும், எனக்கு அதுதான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை பயிற்சித் தாளை அச்சடிக்கக் கொடுக்கிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். ரீட்ரெட் கடையில் வேலை செய்கிறவர்கள் யாராவது இருந்தால், அந்த அறையை அங்கே தமிழில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்று கட்டாயம் எழுதுங்கள்.