மூணு மணிக்கு எழும்புறவர் வீடும் பக்கத்து வீட்டு வூஃபரும்

அக்கம்பக்கத்துச் சத்தத்தை எப்படிச் சமாளிச்சோம்னு குமரி மாவட்டத்து மூணு ஊர்க்காரங்க எழுதிக்கிட்டது இது.

குலசேகரம் பக்கத்திலிருந்து:

எங்க அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. ராத்திரி எட்டு மணிக்குப் படுத்தால்தான் மூணு மணிக்கு எழும்பி, தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு விளைக்கு (ரப்பர் தோட்டத்துக்கு) போக முடியும். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். விடியுறதுக்கு முன்னாடி, குளிர் இருக்கும்போதே வெட்டினால்தான் சிரட்டை நிறையும். எங்க பக்கம் நிறைய வீடுகளில் இதுதான் நேரம். ஊருக்கு ராத்திரி ஆரம்பிக்கிற வேளையில் இவங்களுக்குப் பாதித் தூக்கம் முடிந்திருக்கும்.

பக்கத்து வீட்டு அண்ணன் வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்தப்போ பெரிய ஹோம் தியேட்டர் வாங்கி வச்சாரு. ஏழரைக்கு ஆரம்பிச்சா பத்து மணி வரைக்கும் போகும். பாட்டோ வசனமோ எங்களுக்குக் கேட்காது. வூஃபர், அதான் கனத்த சத்தம் தர்ற ஸ்பீக்கர், அதோட அடி மட்டும் சுவர் வழியா வந்து ஜன்னல் கண்ணாடியை அதிர வைக்கும். அப்பா யாரையும் ஒரு சொல் சொல்ல மாட்டாரு. கட்டில்ல புரண்டுக்கிட்டே கிடப்பாரு, அலாரம் அடிச்சதும் எழும்பிப் போயிருவாரு.

எனக்குப் பயமாகவே இருந்தது. மழை பெய்து வழுக்குற சரிவு, இருட்டு, பாம்பு நடமாட்டம், கையில கூர்மையான கத்தி. தூக்கம் இல்லாத கண்ணோடு செய்யுற வேலையா அது? பட்டையில கத்தி கொஞ்சம் ஆழமா இறங்கினாலும் மரத்துக்குக் காயம். அந்த இடத்துல பட்டை மறுபடி ஒழுங்கா வளராது, முடிச்சு முடிச்சா நிற்கும். அதுக்கு விளைக்காரர் பேசுற பேச்சையும் அப்பாதான் கேட்கணும்.

முதல்ல அம்மா ராத்திரியிலேயே மதிலுக்கு இந்தப் பக்கம் நின்னு, "கொஞ்சம் குறைச்சு வைக்கப்பிடாதா?"ன்னு கேட்டாங்க. அண்ணன், "எங்க வீட்ல நாங்க படம் பாக்கோம். பத்து மணிக்கு மேலதானே சட்டம்?"ன்னு சொல்லிட்டாரு. அதோட இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்னுபோச்சு. எங்க மரத்துல சக்கை (பலா) பழுத்தா ஒரு பாதி அங்க போறது வழக்கம், அதுவும் நின்னுது.

பிறகு ஒரு நாள் பகல்ல, அண்ணன் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, நான் அவங்க அம்மாகிட்ட போனேன். சட்டம், சத்தம் எதையும் எடுக்கல. "மாமி, அப்பா எட்டு மணிக்குப் படுத்து மூணு மணிக்கு எழும்புறாரு. தூக்கம் இல்லாம கத்தி பிடிக்கிறாரு, எனக்குப் பயமா இருக்கு"ன்னு மட்டும் சொன்னேன். அவங்க முகம் மாறிடுச்சு. "என்ன மக்களே, இத்தனை நாளா சொல்லாம இருந்துட்டியே! அவனுக்கு இது எங்க தெரியும், வெளிநாட்டுலயே கிடந்தவன்"ன்னாங்க. அவங்க வீட்டுக்காரரும் ஒரு காலத்துல பால்வெட்டுக்குப் போனவர்தான்.

அந்த வாரமே வூஃபர் எங்க பக்கத்துச் சுவரை விட்டு எதிர்ப் பக்கத்துக்குப் போச்சு. எட்டு மணிக்கு மேல அதை அணைச்சுட்டு டிவியை மட்டும் வைக்கிறாங்க. சனிக்கிழமை ராத்திரி அவங்க இஷ்டம், ஞாயிறு அப்பாவுக்கு வேலை கிடையாது. முழுசா சரியாயிட்டுன்னு சொல்ல மாட்டேன். சொந்தக்காரங்க வந்து தங்குற நாள்ல இப்பவும் சத்தம் வரும், அப்போ மாமிக்கு ஒரு போன் போடுவேன்.

சட்டத்தை எடுத்துப் பேசியிருந்தால் எட்டு மணிக்கு நாங்க கேட்கிற அமைதியைப் பத்து மணிக்குச் சொல்லுற விதி வாங்கித் தந்திருக்காது. யார் எப்போ தூங்குறாங்கன்னு பக்கத்து வீட்டுக்குத் தெரியணும், அதை நாமதான் சொல்லணும்.

நாகர்கோவிலிலிருந்து:

தங்கச்சி சொன்னது நல்ல மனுஷங்க பக்கத்துல இருந்தா நடக்கும். எல்லாருக்கும் ஒரு மாமி வாய்க்காது.

எங்க முடுக்குல (சந்துல), வீடுகளுக்கு நடுவுல ஒரு கிரில் வெல்டிங் பட்டறை. ஆர்டர் வந்துட்டா ராத்திரி பதினோரு மணிக்கும் கிரைண்டர் ஓடும். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை காதுல பஞ்சை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பா. தன்மையாத்தான் பேசினோம், தெருப் பெரியவங்களும் பேசினாங்க. "தொழில் பண்ணக்கூடாதா?" என்ற ஒரே பதில்தான். அவரும் பிழைக்கணும், அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பகல் முழுக்க இருக்கு.

கடைசியில் எழுத்து மூலமாகப் போனோம். எங்களுக்கு உதவிய விவரங்கள்: ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தவை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. இரவு என்பது பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை. தனியார் இடத்தில் வைக்கிற ஒலிக்கருவி, அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக்கூடாது. ஆகவே பகலிலும் வரம்பு உண்டு, பத்து மணி வரை எதுவும் செய்யலாம் என்று பொருளே இல்லை. குலசேகரத்து அண்ணனுக்கு யாராவது இதையும் சொல்லலாம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் இவற்றைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம்.

மனுவில் கோபத்தை எழுதாதீங்க. தேதி, ஆரம்பிச்ச நேரம், முடிஞ்ச நேரம், என்ன மெஷின், வீட்டில் யாருக்கு என்ன பாதிப்பு, இவ்வளவு போதும். கடிகாரம் தெரியுற மாதிரி வீடியோ எடுத்து வச்சோம். கைப்பேசி செயலி காட்டுற டெசிபல் துல்லியமானது இல்லை, அதையே ஆதாரமா நம்பிப் போக வேண்டாம். போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பதிவு பண்ணினதுக்கான சான்று) கேட்டு வாங்குங்க. எங்களை முதலில் "பேசித் தீர்த்துக்கோங்க"ன்னு அனுப்பத்தான் பார்த்தாங்க. ரசீது கைக்கு வந்த பிறகு பேச்சே வேற. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் தெருக்காரங்க கையெழுத்தோட ஒரு மனு கொடுத்தோம். தனி ஆளா போனா பகையா பார்ப்பாங்க, தெருவா போனா பிரச்சினையா பார்ப்பாங்க.

இப்போ ஏழு மணிக்கு மேல கிரைண்டர் இல்லை. பட்டறைக்காரர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கிறாரு, அது எனக்கு வருத்தம்தான்.

முட்டத்திலிருந்து:

எங்க கதை தலைகீழ். ராத்திரி கடலுக்குப் போய்ட்டு விடிஞ்சு கரை வந்து, மீனை ஏலம் விட்டுட்டு வீட்டுக்கு வரும்போது வெயில் ஏறியிருக்கும். அப்போதான் எங்களுக்குத் தூக்கம். கட்டட வேலை மெஷின்களைக் குடியிருப்புப் பகுதியில இரவில் ஓட்டக்கூடாதுன்னு விதி இருக்கு. பகல் தூக்கத்துக்கு எந்த விதி வரும்? பக்கத்து மனையில வீடு கட்டினப்போ டைல்ஸ் வெட்டுற சத்தம் மண்டையைப் பிளந்தது. வீட்டுக்காரரைத் தேடிப் போகாம நேரே மேஸ்திரிகிட்ட போய் கேட்டேன். வெட்டு வேலையை மத்தியானத்துக்கு மேல வச்சுக்கிட்டாரு, காலையில ஒட்டுற வேலை. மெஷினைக் கையில வச்சிருக்கிற ஆளுகிட்ட பேசுறதுதான் வேகமா முடியுது.

இன்னொண்ணு, திருவிழாக் குழாய் ஸ்பீக்கர். நம்ம மாவட்டத்துல இதைக் கவனமா பேசணும். 1982-ல் மண்டைக்காட்டுல நடந்த மதக் கலவரத்தைப் பார்த்த பெரியவங்க இன்னும் எல்லா ஊரிலும் இருக்காங்க. கோயில் கொடையோ பங்குத் திருவிழாவோ, சத்தத்தைப் பற்றிப் புகார் சொன்னா அது மதப் புகாரா திரும்பிடக்கூடாது. எங்க ஊர்ல எங்க சொந்தத் திருவிழாவுக்கே நாங்க கேட்டோம், படுத்த படுக்கையா ஒரு பாட்டி இருந்தாங்க. குழாயைக் கடல் பக்கம் திருப்பிக் கட்டிக் கொடுத்தாங்க. சொந்த ஆளு சொந்தக் கமிட்டிகிட்ட கேட்டா கேட்பாங்க. இதே 2000-ல் சென்னையில ஒரு கிறிஸ்தவ சபையோட வழக்குல, மத்தவங்க அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில ஜெபம் பண்ணணும்னு எந்த மதமும் சொல்லலைன்னு உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. அது எல்லா மதத்துக்கும் சேர்த்துச் சொன்னது.

குலசேகரத்திலிருந்து மறுபடியும்:

நாகர்கோவில் அண்ணாச்சி, 5 டெசிபல் விஷயம் எங்களுக்குத் தெரியாது, நன்றி. ஒரு கேள்வி. எங்க சித்தி வீட்டுப் பக்கத்துல குடிச்சுட்டு நடுராத்திரி பாட்டைப் போட்டு, கேட்கப் போனவங்களைக் கெட்ட வார்த்தையில திட்டுறாங்க. சித்தி தனியா இருக்காங்க. அவங்களும் முதல்ல பேசிப் பார்க்கணுமா?

நாகர்கோவிலிலிருந்து:

வேண்டவே வேண்டாம் தங்கச்சி. குடியும் மிரட்டலும் இருக்கிற இடத்துக்குத் தனியா இருக்கிற பொம்பள போய் நிக்கக்கூடாது. அந்த நேரத்துலயே 112-க்குப் போன் போடச் சொல்லுங்க. மறுநாள் காலையில நீங்க ரெண்டு பேர் துணைக்குப் போய் ஸ்டேஷன்ல மனு கொடுங்க. திட்டினதையும் அதுல எழுதணும், வெறும் சத்தம்னு எழுதினா சாதாரணமா விட்டுருவாங்க. ஒரு நகலை உங்க பகுதி டி.எஸ்.பி. ஆபீசுக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிட்டு, ரசீதைப் பத்திரமா வச்சுக்கோங்க.