ஒரே வீட்டுக்குள் 7 டிகிரி வித்தியாசம்: மாடி அறை ஏன் இப்படிக் கொதிக்கிறது?

பள்ளத்தூர்ப்பெண்:
வணக்கம். எங்கள் ஐயா காலத்துச் செட்டிநாட்டு வீடு. முகப்பு, வளவு (நடுவில் முற்றமும் சுற்றி அறைகளும் உள்ள பகுதி), இரண்டாம் கட்டு எல்லாம் பழைய வேலை. கனத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, தரையில் ஆத்தங்குடிக் கல். ஆறு வருடத்துக்கு முன்னால் பின்பக்கம், மேற்கு ஓரமாக, கான்கிரீட் தளம் போட்டு மாடியில் ஓர் அறை எடுத்தோம். குரங்குத் தொல்லை தாங்காமல் வளவு முற்றத்துக்கு மேலேயும் பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடிவிட்டோம்.

இப்போது மதியம் 3 மணிக்கு வளவு ஓர அறையில் 32 டிகிரி, மாடி அறையில் 39. இரவு 10 மணிக்கு வெளியே 31, மாடியில் இன்னும் 37. 1.5 டன் ஏசி போட்டும் நடுராத்திரி வரை அறை குளிர்வதில்லை. அதைவிட எனக்குக் கவலை அப்பத்தாவைப் பற்றி. காலமெல்லாம் வளவுப் பத்தியில் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்) படுத்தவர், இரண்டு கோடையாக “புழுங்குது ஆத்தா” என்று எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறார். என்ன செய்யலாம்?

கொத்தனார் மகன்:
முதலில் ஒன்று. தெர்மாமீட்டர்களை எல்லாம் ஓர் இரவு ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். மலிவான கருவிகள் ஒன்றுக்கொன்று ஒன்றிரண்டு டிகிரி மாறிக் காட்டும். அப்புறம் மாடி அறையில் ஒன்றைத் தரையோரமும் இன்னொன்றைக் கூரையோரமும் மாட்டிப் பாருங்கள்.

பள்ளத்தூர்ப்பெண்:
பார்த்தேன் அண்ணே. கருவிகளுக்குள் அரை டிகிரிதான் வித்தியாசம். மாடியில் இரவு 9 மணிக்குத் தரையோரம் 36, கூரையோரம் 40. ஃபேன் போட்டால் அனல்தான் இறங்குகிறது.

கொத்தனார் மகன்:
அப்படியானால் தளம்தான் காரணம். ஐந்து அங்குலக் கான்கிரீட் பகல் முழுதும் வெயிலைக் குடித்துவிட்டுச் சாயங்காலத்திலிருந்து கீழே கக்கும். மேற்குச் சுவர் ஒன்பது அங்குலச் செங்கல் என்றால் 2 மணி வெயிலில் இருந்து அதுவும் கூடச் சேர்ந்துகொள்ளும். கீழே இருக்கிற அறைக்கு அந்தக் கதி இல்லை. தலைக்கு மேலே நேர் வெயில் இல்லை, காலுக்குக் கீழே மண், சுவரும் இரண்டு மடங்கு கனம்.

ஏசி வேலை பார்க்கிறவன்:
ஏசியைக் குறை சொல்லாதீர்கள். அது காற்றைக் குளிர்விக்கும். தளமும் சுவரும் விடாமல் சூட்டை இறக்கிக்கொண்டிருந்தால் பாவம் அது என்ன செய்யும்? 2 டன் வாங்கச் சொல்லி யாராவது வந்தால் அவசரப்படாதீர்கள். தளத்தில் வெள்ளை அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கானாடுகாத்தான்வாசி:
மாடியைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அப்பத்தாவின் புழுக்கத்துக்கு வருகிறேன், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. பழைய வீடு என்றாலே குளிர்ச்சி என்று நினைக்கிறோம். கனத்த சுவரும் சூடாகும், மெதுவாக ஆகும், அவ்வளவுதான். பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடும். அந்தச் சூடு ஏறி வெளியே போகிற வழிதான் முற்றம். திறந்த வானத்தைப் பார்த்தபடி கல்லும் சுவரும் ஆறும், முகப்பு வாசலிலிருந்து பின்கட்டு வரை நேர்கோட்டில் இருக்கிற கதவுகள் வழியே காற்று உள்ளே வரும். நீங்கள் அந்த வழியை மூடிவிட்டீர்கள். ஷீட் வழியே வெளிச்சம் வரும், சூட்டுக் காற்று போகாது. இரவில் ஆறாத சுவர் மறுநாள் காலையிலேயே சூட்டோடு தொடங்கும்.

ஷீட்டை எடுக்க வேண்டாம். குழாய்க் கால் வைத்து ஒன்றரை அடி தூக்குங்கள், நாலு பக்கமும் இரும்பு வலை அடியுங்கள். குரங்கும் வராது. ராத்திரி கதவுகளைத் திறந்து வையுங்கள், காலை 9 மணிக்குள் வெயில் பக்கத்து ஜன்னல்களைச் சாத்திவிடுங்கள்.

கொத்தனார் மகன்:
ஒரு எச்சரிக்கை. பழைய பகுதியில் தேக்கு உத்தரம் போட்ட மெட்ராஸ் தளம் (உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட பழைய கூரை) இருந்தால் அதன் மேல் சிமெண்ட் பூசிவிடாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கி மரத்தைக் கெடுக்கும். அங்கே சுண்ணாம்பு வேலைதான்.

பள்ளத்தூர்ப்பெண்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். புதுத் தளத்துக்கு இரண்டு கை வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டினோம்; முன்பு உள்ளே திரை போட்டிருந்தோம், அது சூட்டை உள்ளே வரவிட்ட பிறகுதான் மறைத்தது. நேற்று வெளியே அதே வெயில்தான்; 3 மணிக்கு மாடியில் 35, இரவு 10 மணிக்கு 33. ஏசி ஒரு மணி நேரத்தில் அறையைக் குளிர வைத்துவிடுகிறது.

ஷீட்டைத் தூக்கியது போன திங்கள்கிழமை. சாரல் அடித்தால் முற்றத்து ஓரம் கொஞ்சம் நனைகிறது, பரவாயில்லை, தண்ணீர் போக வடிகால் பழையபடியே இருக்கிறது. வளவில் இரவு 2 டிகிரிதான் குறைந்திருக்கிறது. ஆனால் காற்று ஓடுவது முகத்தில் தெரிகிறது. அப்பத்தா நான்கு நாளாகப் பத்தியில்தான் படுக்கிறார்.